தோளில் இருக்கும் நீலக் கையுறை

மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் தாளாளர் அவர்களே! பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே! நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் பின்வாசலில் நிற்பவர்களே! எல்லோருக்கும் இந்த விளையாட்டு ஆசிரியரின் வணக்கம்.

நம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, 'வணக்கம் டீச்சர்', இறந்துபோய்விட்டார். எனக்கு முன்னால் பேசிய தாளாளர், "மரியாதையின் மறுவடிவம் அவர்" என்றார். அடேயப்பா! வாய் கூசவில்லையா ஐயா? 'வணக்கம் டீச்சர்' என்பதே நீங்கள் கேலியாக வைத்த பெயர்தானே!

'நமக்கு உதவுபவர்கள்' என்று ஒரு பாடம். யார் யார் உதவுகிறார்கள் என்று கேட்டார் அம்மையார். டாக்டர், போலீஸ், விமானி என்று பிள்ளைகள் அடுக்கினார்கள். "நம்ம கக்கூஸைக் கழுவுறவங்க?" என்றார். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் திட்டவில்லை. நேரே போய், கழிப்பறை சுத்தம் செய்யும் அக்காவைக் கையோடு கூட்டிவந்து, தன் நாற்காலியில் உட்கார வைத்தார். "என்ன தெரியணுமோ அவங்களையே கேளுங்க" என்றார்.

"அக்கா, உங்களுக்கு நாத்தம் அடிக்காதா?" என்றது ஒரு வாண்டு.

"அடிக்கும் கண்ணு. நீ போயிட்டுத் தண்ணி ஊத்துனா கம்மியா அடிக்கும்."

மறுநாளிலிருந்து மூன்றாம் வகுப்பு தண்ணீர் ஊற்றியது. தினமும் காலையில் வரிசையாகப் போய் அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்த பிறகுதான் பாடம்.

பொறுக்குமா? சங்கத் தலைவர் அலுவலகத்துக்கு வந்து குதித்தார். "எம் பையனை டாக்டராக்கணும்னு அனுப்புறேன் சார். கக்கூஸ் கழுவுறவளுக்குக் கும்பிடு போடவா அனுப்புறேன்?" தாளாளர் என்ன செய்தார்? தலையாட்டினார்! வணக்கம் நின்றது. வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு அம்மையாரை நூலகத்தில் உட்கார வைத்தார்கள். யாரும் எட்டிப் பார்க்காத அந்த அறையில்தான் அவர் கடைசிவரை இருந்தார். "எம் பிள்ளைங்க இப்பவும் தண்ணி ஊத்துதுங்களா மாஸ்டர்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

இன்று பூ வைத்திருக்கிறீர்களே, அந்தப் படத்தைப் பாருங்கள்! விளையாட்டு விழாவில் நான் எடுத்த படம். அதில் இரண்டு பேர் இருந்தார்கள். தாளாளரின் ஆட்கள் ஒருவரை வெட்டித் தள்ளிவிட்டார்கள். ஆனால் புத்திசாலிகளே, அம்மையாரின் தோளைப் பாருங்கள்! அங்கே இருக்கும் நீல ரப்பர் கையுறை யாருடையது? தானாக முளைத்ததா? அதை வெட்டினால் தோளும் போய்விடும், பாவம், என்னதான் செய்வீர்கள்! இருந்தவரை மதிக்கத் தெரியவில்லை. போன பிறகு ஒழுங்காக மறைக்கவாவது தெரிகிறதா? சே!

கையுறைக்குச் சொந்தக்காரர் பின்வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கிறார். அக்கா, வாங்க. படத்துக்கு இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. மேடையில இருக்குறவங்க மூஞ்சியைப் பாக்காதீங்க, டீச்சரைப் பாத்துக்கிட்டே வாங்க.

வணக்கம் டீச்சர்! திங்கட்கிழமை காலை உங்கள் மூன்றாம் வகுப்பை நானே வரிசையாக அழைத்துப்போய் அக்காவுக்கு வணக்கம் சொல்ல வைப்பேன். அடுத்த நாளும் அழைத்துப்போவேன். இந்தச் சபையறிய நான் கொடுக்கும் வாக்கு இது.

தாளாளர் அவர்களே, என்னை என்ன செய்யலாம் என்று மூளையைக் கசக்கிக்கொள்ள வேண்டாம். நூலகத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.