இடது முட்டிக்கு வந்த லீவர்

"ஹலோ... ஹலோ, இப்ப கேக்குதா? ஆமாண்ணா, நானேதான். நடுவுல கட் ஆயிடுச்சு... இல்ல, இன்னும் கிட்டாருக்கு அடியிலதான் படுத்திருக்கேன். போன் நெஞ்சு மேல இருக்கு... ம்... சொல்லுங்க."

மேலே அவளுடைய பெடல் ஸ்டீல் கிட்டார் நாலு காலில் மேசைபோல நின்றது. அதன் வயிற்றுக்குள் வரிசையாகக் கம்பிகள். உட்கார்ந்து வாசிக்கும்போது முட்டியால் ஒரு லீவரைத் தள்ளினால் கம்பி இழுபட்டு, மேலே தந்தியின் சுருதி ஏறும் அல்லது இறங்கும். இதைச் செய்துகொடுத்த மெக்கானிக் வேறு ஊரில் இருந்தார். இதுவரை அவரோடு பேசியதெல்லாம் அவள் கணவர்தான்.

"வலது முட்டிதாண்ணா. உள்பக்கம் கொஞ்சம் போகுது, வெளிப்பக்கம் அசையவே மாட்டேங்குது... ஆமா, பிளேட் வெச்சிருக்காங்க... கார்ல போறப்ப... ம், லாரி. இப்ப நடக்கறேன், பரவாயில்ல... ஆமா, நாலாவது தந்தியும் எட்டாவதும். அரைச் சுரம் இறங்குமே, அந்த லீவர். அது இல்லாம ஒரு பாட்டுகூட ஒப்பேத்த முடியாதுண்ணா... சனிக்கிழமை ஹோட்டல்ல மறுபடி வாசிக்கணும். இந்த வாட்டியும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னுட்டாரு குழுத் தலைவர்... அதான், இடது முட்டிக்கு மாத்திடலாமா?"

"சரி... சரி... இடது முட்டிக்கு இருக்கற மூணு லீவர்ல இடப்பக்கம் தள்ளறதைத் தொடக் கூடாது. மேல தூக்கறதும் வேணும்... அப்ப மிச்சம் வலப்பக்கம் தள்ளறது ஒண்ணுதான். அஞ்சாவது தந்தியை இறக்கறது... தெரியும்ணா."

அவள் கை அந்த லீவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கணவர் ஆசைப்பட்டுப் போடச் சொன்னது அது. அவள் அதைத் தள்ளும் இடம் வந்தால் சமையலறையில் அவர் வெங்காயம் நறுக்கும் சத்தம் நிற்கும். அந்தச் சுரம் கரைந்து முடிந்த பிறகுதான் கத்தி மறுபடி நகரும்.

"யாரை?... அவரைக் கூப்பிடவா... அவரு வெளியில போயிருக்காருண்ணா."

அதே விபத்தில் கணவர் இறந்துபோயிருந்தார். தெரிந்தவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்துவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கப் போயாயிற்று. இந்த மெக்கானிக் ஒருவருக்குத்தான் செய்தி எட்டவில்லை. இவர் பேச்சில் மட்டும் அவர் இன்னும் இருந்தார், கேட்டார், சொன்னார். அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"ம்... ஆமா, அவரு அப்படித்தான். பிடிச்சா விட மாட்டாரு... இந்த லீவருக்காக உங்க கடைக்கே வந்தாரா? எங்கிட்ட சொல்லவே இல்லையே... என்ன கேட்டாரு?... 'வீட்ல அவ வாயைத் திறக்க மாட்டா, கிட்டாராவது பேசட்டும்'னா?... இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணா... இல்ல, சிரிக்கத்தான் செய்யறேன்."

"...இல்லண்ணா, அவரைக் கேக்க வேண்டாம். நானே கழட்டிடறேன்... கோச்சுக்க மாட்டாரு... சாயங்காலம் வர மாட்டாருண்ணா... நாளைக்கும் வர மாட்டாரு."



"அண்ணா... அன்னிக்கு கார் ஓட்டினது அவருதான்... ஆமா... அங்கயே... முதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க அவரைப் பத்திப் பேசறதைக் கேட்டுட்டே இருக்கலாம்போல இருந்துச்சு... அழாதீங்கண்ணா. கடையில ஆளுங்க பாப்பாங்க... ம்... ம்... கழட்டாம எப்படிண்ணா? புதுசா ஒரு லீவர் செஞ்சு சனிக்கிழமைக்குள்ள எப்படி வரும்... வேண்டாம். எனக்கு வாசிக்கணும்."

லீவரின் திருகாணியை அவளே தளர்த்தினாள். அஞ்சாவது தந்தியின் கம்பி மெல்லிய முனகலோடு கழன்று வந்தது. அந்த இடத்தில் நாலாவது, எட்டாவது தந்திகளின் கம்பிகளை மாட்டினாள். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து, வலது காலை நீட்டி வைத்து உட்கார்ந்தாள். தந்திகளை மீட்டி, இடது முட்டியை வலப்பக்கம் தள்ளினாள்.

"கேட்டுச்சா?... ரொம்ப இறங்கிடுச்சா... இருங்க, திருப்பறேன்... இப்ப?... இன்னும் கொஞ்சமா... இப்ப?... சரியா இருக்கா?"

"வெச்சிடாதீங்கண்ணா. நீங்க உங்க வேலையைப் பாருங்க. போனை மட்டும் பக்கத்துல வைங்க. ஒரு பாட்டு முழுசா வாசிச்சுப் பாத்துடறேன்... சரி."

அந்தப் பக்கம் இரும்பை அரம் ராவும் சத்தம் தொடங்கியது. அவள் வாசித்தாள். பாட்டின் நடுவில் அந்தப் பழைய இடம் வந்தது. முட்டி பழக்கத்தில் தானே வலப்பக்கம் போய்விட்டது. அஞ்சாவது தந்தி அப்படியே நின்றது. வேறு இரண்டு தந்திகள் இறங்கி, பாட்டு கோணிப்போனது.

"தப்பாயிடுச்சுண்ணா. முதல்லேருந்து வாசிக்கறேன்."

இந்த முறை அந்த இடத்தில் முட்டியை அசையாமல் வைத்துக்கொண்டாள். சுரம் இறங்காமல் நேராகவே போனது. கேட்கச் சகிக்காது என்று நினைத்திருந்தாள். அப்படியில்லை, வேறு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"எப்படிண்ணா இருந்துச்சு?... அண்ணா?... ஹலோ..."

அரத்தின் சத்தம் இல்லை. போனை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது.