ஆப்பு

அதை எடுக்காதீங்க தம்பி. கால விலக்குங்க, தட்டிடப் போறீங்க. அது வழி தவறி வந்து விழுந்த கட்டை இல்ல, நானே வெச்சது. ஆமா, கதவுக்கு அடியில நானேதான் ஆப்பு வெச்சிருக்கேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும். உள்ள வந்து உக்காருங்க. கட்டில்ல உக்காருங்க, அந்த நாற்காலி ஆளத் தள்ளிவிடும். தனியாவா வந்தீங்க? பின்னால யாரும் வரல? லிஃப்ட்ல யாரும்? சரி சரி. சும்மாதான் கேட்டேன்.

தெரியும் தம்பி, நீங்க வாயத் திறக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இது நெருப்புக் கதவு. விட்டா தானா சாத்திக்கணும். தெறந்து வெச்சா புகை நேரா உள்ள வந்து என்கூடவே படுத்துக்கும். விளிம்பச் சுத்தி கறுப்பா ஒரு பட்டை ஓடுது பாருங்க, சூடு பட்டா அது வீங்கி இடுக்கெல்லாம் அடைச்சிடும். மூடியிருந்தாத்தானே அடைக்கும்? தெறந்து கெடந்தா அது கதவே இல்ல, செவுத்துல சாத்தி வெச்ச பலகை. என்ன, சரியா? உங்க முகம் ஏன் இப்படிப் போகுது? வயசானவங்க இல்லத்துல நெருப்பு அபாயம் பாக்கலாம்னு வந்தா, ஒரு கெழவன் உங்க பாடத்த உங்களுக்கே ஒப்பிக்கறான். பாவம்தான் நீங்க.

தெரிஞ்சுக்கிட்டே ஏன் வெச்சேன்னா, காத்துக்கு. இல்ல, ஜன்னல் இருக்கு, பாத்துட்டீங்க. அப்ப பூனைக்குன்னு வெச்சுக்குங்க. ஒரு பூனை வரும் தம்பி, கன்னுக்குட்டி கணக்கா இருக்கும், லிஃப்ட்ல பொத்தான அமுக்கி இந்த மாடிக்குன்னே வரும். சிரிக்கறீங்க. நர்ஸம்மாவும் சிரிச்சாங்க. அப்புறம் பால் காணாமப் போச்சு, யாரும் சிரிக்கல. நான் குடிச்சேங்கறது அவங்க கட்டுன கதை.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னா, நானும் படிச்சவன்தான். பரீட்சை மட்டும் எழுதல. அதை என் மருமக எழுதினா.

நான் ஆயுசு பூரா ஜன்னல் திரை வித்தவன். ஊருல நான் திரை போடாத ஜன்னல் கெடையாது. வித்ததையெல்லாம் ஒண்ணாத் தெச்சா சூரியனுக்கே ஒரு மதியம் லீவு குடுக்கலாம். ஒரு தடவ சினிமா கொட்டகையில நெருப்புப் பிடிச்சப்போ நான் தெச்சுக் குடுத்த திரைய நானே இழுத்துப் போட்டு ஒத்த ஆளா அணைச்சேன். அது தனிக் கதை, அப்புறம் சொல்றேன். அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு வந்த மருமக, வேலை பாத்த கம்பெனி மூடின கையோட, நெருப்பு அபாயம் மதிப்பிடறதுக்குப் படிக்கப் போறேன்னு வந்து நின்னா. என் புள்ள இருக்கானே, அவன் கேட்டான், அடுத்தவன் வீட்டுப் படிக்கட்ட அளக்கறதுக்கு ஒரு படிப்பான்னு. டேய், நீ பொறந்தப்பகூட இது எதுக்கு உதவப் போகுதுன்னு யாருக்கும் தெரியல, வளக்கலயான்னு கேட்டேன். அவ என்னைப் பாத்து சிரிச்சா பாருங்க, அந்த வீட்டுல எனக்கு ஒரு கட்சி இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரெண்டு பேர் கட்சி.

சாயங்காலம் ஆனா சமையல்கட்டு மேசையில புஸ்தகம். அவ படிப்பா, நான் கேள்வி கேப்பேன். புஸ்தகத்துல எல்லாம் மூச்சு முட்டற பாஷை. நான் அதை நம்ம பேச்சுக்கு மாத்தி வெச்சேன். ஒண்ணு, நெருப்பு எங்க பொறக்கும், எதைத் தின்னும். ரெண்டு, யாரு மாட்டிக்குவா. மூணு, எடுக்க முடிஞ்சத எடு, முடியாததக் கொறை, அதுவும் ஆகலன்னா ஆள நகத்து. நாலு, எழுதி வெச்சு எல்லாருக்கும் சொல்லு. அஞ்சு, திரும்பி வந்து பாரு. ஏன்னா மனுசன் சும்மா இருக்க மாட்டான், நீங்க அந்தப் பக்கம் போனதும் வழியில பழைய மெத்தையக் கொண்டுவந்து போடுவான். உங்களுக்கும் இதே அஞ்சுதானே? அவளுக்கு நாலு வரைக்கும் தண்ணி மாதிரி வரும். அஞ்சாவது மட்டும் வராது. முடிஞ்சுது மாமான்னு புஸ்தகத்த மூடிடுவா. நான் கைய விரிச்சு இப்படி அஞ்சு விரலையும் காட்டுவேன். நாக்கக் கடிச்சுக்குவா.

ரெண்டாவது பாடத்துக்கு ஆள் வேணும்ல, மாட்டிக்கறதுக்கு? அது நான்தான். ஒரு நாள் காது கேக்காதவன், ஒரு நாள் கண்ணு தெரியாதவன், ஒரு நாள் தண்ணியப் போட்டுட்டு ஜட்டியத் தேடறவன். மயங்கி விழுந்தவனா ஒரு நாள் படிக்கட்டுல கெடந்தேன். கீழ் வீட்டு விளையாட்டு வாத்தியார் வந்தாரு, விசில் வாத்தியார்னு பேரு. ஓடிவந்து நெஞ்சு மேல ஏறி உக்காந்து அமுக்க ஆரம்பிச்சுட்டாரு. மருமக கத்தறா, அவர் நடிக்கறாரு சார்னு. அவரு கேக்கணுமே. நான் கண்ணத் தெறந்ததும், பொழைக்க வெச்சுட்டேன்னு ஊர் பூரா சொல்லிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் என் உசுரு அவரு போட்ட பிச்சைன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.

அவளோட வெளிய எங்கயும் நிம்மதியாப் போக முடியாது. ஓட்டலுக்குப் போனா என்ன சாப்பிடறதுன்னு பாக்க மாட்டா, பின்வாசல் எங்கன்னு கேப்பா. ஒரு முதலாளி, காசு குடுக்காம ஓடப் பாக்கறாங்கன்னு எங்க மேசைகிட்ட ஆள் போட்டுட்டான். என் புள்ளைக்கு அவமானம். எனக்கு ஒரே குஷி.

ஆங், கொஞ்சம் இருங்க. லிஃப்ட் சத்தம் கேட்டுது இல்ல? பாருங்களேன் யாருன்னு. ரேடியோக்காரரா? பக்கத்து ரூமு. ரேடியோவக் குளிக்கக்கூட கூட்டிட்டுப் போற ஆளு. சரி, உக்காருங்க. சட்டையப் பாக்கறீங்களா? இஸ்திரி போட்டதுதான். வியாழக்கிழமை ஆனா இப்படித்தான், ஷேவ் பண்ணி, சட்டை மாத்தி. பழக்கம்.

எங்க விட்டேன்? பரீட்சை. கடைசிப் பரீட்சை நெசமான கட்டடத்துல. ஒரு பழைய லாட்ஜ். பரீட்சை அதிகாரி கூடவே நடப்பாரு, இவ ரூம் ரூமாப் பாத்துச் சொல்லணும். நான் எதிர்த்தாப்புல டீக்கடையில. மாடி வராந்தா ஜன்னல் வழியா அவ தலை தெரியுது. அப்புறம் அவ சொன்னது, சமையல் ரூம் கதவுக்கு எவனோ ஒரு மரக்கட்டைய ஆப்பு வெச்சு தெறந்து போட்டிருந்தான். குனிஞ்சு அதை உருவினா தம்பி, பல்லு புடுங்கற மாதிரி. கடைசியில ஜன்னலோரம் வந்து நின்னு எல்லாத்தையும் சொல்றா. அதிகாரி அவ்வளவுதானான்னு கேக்கறாரு போல. இவ மண்டைய ஆட்டப் போறா. எனக்குத் தெரியும், நாலோட நிக்கறா. டீ கிளாஸக் கீழ வெச்சுட்டு நடுரோட்டுக்கு வந்து நின்னு கைய விரிச்சேன். காப்பி அடிக்க உதவி பண்ணேன்னு எழுதிடாதீங்க. ஈ ஓட்டினேன்.

பாத்துட்டா. பாஸாயிட்டா.

அந்தக் கட்டைய லாட்ஜ்காரன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தா. மாமா, நான் புடுங்கின மொத ஆப்பு, இது உங்களுக்குத்தான்னா. நல்லாப் பாருங்க, ஒரு ஓரம் எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கும். ஆமா, அதேதான் இது. மொத ஆப்பு எனக்குத்தான்னு அவ சொன்னப்போ அவளுக்கும் அதோட அர்த்தம் தெரியல, எனக்கும் தெரியல.

அப்புறம் நான் குளியல் ரூம்ல வழுக்கி விழுந்தேன். இடுப்பு. ஆறிடுச்சு, ஆனா மாடிப்படின்னா கால் யோசிக்க ஆரம்பிச்சுடுச்சு. எங்க வீடு மாடியில, லிஃப்ட் கெடையாது. ஒரு நாள் வந்து, மாமா, நெருப்புன்னு மணி அடிச்சா எப்படி எறங்குவீங்கன்னு கேட்டா. கைப்பிடிச் சுவத்துல உக்காந்து சறுக்கிடுவேன், கீழ விசில் வாத்தியார் புடிச்சுக்குவாருன்னேன். சிரிக்கல தம்பி. எப்பவும் சிரிக்கற எடம் அது. எறங்கிக் காட்டுங்கன்னா. சரி, பழைய விளையாட்டுதான்னு நெனச்சு எறங்கினேன். திருப்பத்துல உக்காந்துட்டேன். அவ மேல நின்னுக்கிட்டு டேப்ப எடுத்து படியோட அகலத்த அளக்கறா. முதுகுல குத்தறவங்க கத்தியோட வருவாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். இவ டேப்போட வந்தா.

அன்னைக்கு சாப்பாட்டு மேசையில சொன்னா, இந்த வீட்டுல மாட்டிக்கற ஆள் மாமாதான்னு. படிக்கட்ட எடுக்க முடியாது, அகலமாக்க முடியாதுன்னா. அப்புறம் தட்டப் பாத்துக்கிட்டே இருந்தா. மூணாவது பாடத்துல மிச்சம் என்னன்னு எனக்குத் தெரியாதா? ஆள நகத்து. நான் மாத்திக் குடுத்த பேச்சு அது. என் வார்த்தையாலயே என்னை வெளிய வெச்சா. என் புள்ள சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், அவன் அந்தக் கட்சி. இவ என் கட்சி இல்லையா?

பணம் காசுக்காக இல்ல, பாரம்னு இல்ல, அதெல்லாம் எனக்குத் தெரியும். அவ சொன்னதுல ஒரு தப்பு கண்டுபிடிக்க முடிஞ்சா இவ்வளவு எரியாது. சரியாத்தான் சொன்னா. அதான் தாங்க முடியல.

இந்த இல்லத்தையும் அவதான் பாத்தா. உங்க ஆபீஸ்ல சேந்ததும் மொத வேலையே இந்தக் கட்டடம்தான். கதவு எல்லாம் சும்மா அட்டை, மாத்துங்கன்னு நிர்வாகத்தோட மல்லுக்கு நின்னு, ரூமுக்கு ரூம் இந்தக் கதவப் போட வெச்சா. அப்புறம் என்கிட்ட வந்து, மாமா, ஊர்லயே பத்திரமான ரூம் உங்களுக்குன்னா. இந்தக் கட்டடம் என் கணக்குல இருக்கு, சட்டப்படி வருசா வருசம் நானே வந்து பாத்தாகணும், விடுவேனான்னா. அஞ்சாவத அவளாவே சொன்னா தம்பி, நான் கை காட்டாம. அதுக்காகத்தான் பெட்டிய எடுத்தேன். இல்லன்னா என்னை நகத்த நெருப்பாலகூட முடிஞ்சிருக்காது.

அப்புறமா? புள்ள ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணுவான். பின்னால அவ குரல் கேக்கும், மாமா சாப்பிட்டாரான்னு கேளுங்கன்னு. என்கிட்டயே கேக்கலாம்ல? ஃபோனக் கையில வாங்க மாட்டா. நேர்ல ஒரு தடவகூட வரல. வேலை, வேலைன்னு அவன் சொல்லுவான். சரி, வேலைன்னாலும் இங்க வந்துதானே ஆகணும்னு இருந்தேன். வியாழக்கிழமை நெருப்பு அபாயம் பாக்க ஆள் வருதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அதான் சட்டை.

கொட்டகையா? என்ன கொட்டகை? ஓ, அந்த சினிமா கொட்டகை நெருப்பா. திரை எரிஞ்சுது, கூட்டத்தோட கூட்டமா நானும் ஓடினேன், அவ்வளவுதான். இன்னைக்குக் கதை சொல்ல வரல.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இந்த வேலைய நீங்களா கேட்டு வாங்கினீங்களா? இல்ல ஆபீஸ்ல மாத்திவிட்டாங்களா?

அவளே குடுத்தாளா.

சொந்தக்காரங்க இருக்கற எடம், நான் பாக்கறது முறையில்லன்னாளா? நல்லா இருக்கு. கதவு போட வெச்சப்போ நான் சொந்தம் இல்ல போல.

இல்ல, இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். உங்க மேல என்ன தப்பு? பூனையும் இல்ல, காத்தும் இல்ல தம்பி. அவ வந்தா ரூமுக்குள்ள வர கூச்சப்படுவா, எட்டி நின்னு தலைய ஆட்டிட்டு அப்படியே வராந்தாவோட போயிடுவான்னு நெனச்சேன். ஆனா ஆப்பு வெச்ச கதவப் பாத்தா அவளால தாண்டிப் போக முடியாது. குனிஞ்சே ஆகணும். அதுவும் இந்தக் கட்டைய. குனிஞ்சா, பக்கத்துல நான் நிக்கறேன். அதுக்குத்தான் காலையிலேருந்து ஊனுகோலால தள்ளித் தள்ளி வெச்சேன். வேற ஒண்ணும் இல்ல.

இப்ப உருவிடுங்க. என்னால குனிய முடியாது. பாத்து, இறுக்கமா இருக்கும். பையில போட்டுக்குங்க, எனக்கு வேண்டாம். ஆபீஸ்ல அவ மேசை மேல வெச்சுடுங்க. எதுவும் சொல்ல வேண்டாம். மாமா என்ன சொன்னாருன்னு கேட்டா மட்டும் கைய இப்படி விரிச்சு அஞ்சு விரலையும் காட்டுங்க, போதும்.

கதவ ஏன் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? விடுங்க, அதுவா சாத்திக்கும். அந்த விஷயத்துல அவ வேலை சுத்தம்.