பொன்மணி குசலம் விசாரித்தது

அன்று மாலை நாலு மணிக்கு அந்தத் தி. நகர் புடவைக் கடையில் இருந்தவர்கள்: கோடம்பாக்கத்து அசோகன், அவர் மனைவி மணிமொழி, மேலாளர் கல்யாணராமன், வாசலில் நின்று வரவேற்கும் ரோபோ பொன்மணி. பிறகு நான். படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறையில், பொன்மணியின் கண்ணிலிருக்கும் கேமரா வழியே வாசலைப் பார்த்தபடி மைக்கோடு உட்கார்ந்திருப்பேன். நான் பேசுவது பொன்மணியின் வாயில் பெண்குரலாக வரும். அது தானாகப் பேசுகிறது என்றுதான் வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள்.

இரவு ஷிப்ட் ஒத்துக்கொள்ளாமல் கால் சென்டரை விட்டவன் நான். பகல் வேலை என்பதால் இதற்கு வந்தேன்.

முதல் வாரம் "வணக்கம், வாங்க" என்றேன். ஒருவரும் நிற்கவில்லை. வாசலில் வணக்கம் சொல்பவரைத் தாண்டிப் போவது இந்த ஊரின் பழக்கம். இப்படியே போனால் பொன்மணியைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார் கல்யாணராமன். என்னையும்தான்.

பிறகு கண்டுபிடித்தேன். தெரிந்தவர்போல் விசாரித்தால் நிற்பார்கள். "போன வாரம் வந்தீங்களே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" போன வாரம் வராதவர்கள்கூட நின்று, "சௌக்கியம்மா" என்றார்கள்.

அசோகன் அதற்கும் நிற்கவில்லை. கொஞ்சம் கூட்டிக் கேட்டேன்: "சார், அன்னைக்கு எடுத்த பச்சைப் புடவை அவங்களுக்குப் பிடிச்சுதா?"

இருவரும் நின்றார்கள்.

"எவளுக்குய்யா பச்ச?" என்றார் மணிமொழி.

"ஐயே, நான் இந்தக் கடப் பக்கமே வந்ததில்லமே. பொம்ம ஒளறுது."

"பொம்ம இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போவுது? உனுக்குத்தான் அது வரும்."

அசோகன் பொன்மணியின் முன் குனிந்தார். "நல்லாப் பாரு தாயி. நானா?"

ஆள் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்தவர் நிற்கமாட்டார். அதனால், "மன்னிச்சுக்குங்க சார். யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க, மறந்துட்டேன்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மணிமொழி கையை நீட்டினார். அசோகன் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். "இனிமே ஊட்டாண்ட வராத" என்று சொல்லிவிட்டு மணிமொழி ஆட்டோ ஏறிப் போனார். அதற்குள் முப்பது பேர் கூடிவிட்டார்கள். கல்யாணராமனுக்குப் பரம திருப்தி. நான் யாரையும் பிரிக்கவில்லை. பேச்சைத் தொடங்கினேன், முடித்தது அவர்கள்.

அப்போது எனக்குத் தும்மல் வந்தது. பொன்மணி தும்மியது.

கூட்டம் சிரித்தது. அசோகன் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். தரைத்தளத்தில் சாத்தியிருந்தது ஒரே கதவு.

திறந்து உள்ளே வந்தார். ஆயிரம் பேரிடம் பேச்சுக் கொடுத்த நான் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"இன்னா நைனா, சாப்டியா?" என்று கேட்டபடியே, தன் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.