எட்டரைக்கு லைட்டை அணைக்கணும்

இல்ல சார், தண்ணியெல்லாம் வேணாம். கேட்டதுக்குப் பதில் சொல்றேன், எழுதிக்கோங்க. ஆமா, இந்த மாசம் ஒன்பது தடவை லேட்டு. இன்னொரு தடவை ஆச்சுன்னா பேக்கிங் செக்ஷன் பக்கமே வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. தெரியும்.

சிரிக்காதீங்க சார், பத்திக்கிட்டு வருது. வேலைக்குப் போற அப்பா அம்மாவுக்கு நேரத்தை மிச்சம் புடிக்கக் கத்துத் தர்றேன்னு, ஷிப்டு முடிஞ்சப்புறம் ஒன்றரை மணி நேரம் உக்கார வெச்சீங்களே! அன்னிக்கு நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள என் பொண்ணு ஷூவைக்கூடக் கழட்டாம தூங்கிட்டா. குழந்தைக்குத் தினம் பதினஞ்சு நிமிஷம்னு போர்டுல கட்டம் போட்டீங்க. துணி மடிக்கிறதுக்கும் அவளுக்கும் ஒரே சைஸ் கட்டம். சீ!

ஆனா பொய் சொல்லக்கூடாது, நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நானும் அவரும் போனை டிராயர்ல போட்டுடுவோம். மறுநாள் கிளம்புற வரைக்கும் சுவர்க் கடிகாரம்தான். எட்டரை ஆனா லைட்டை அணைக்கணும், பாப்பா படுத்துடணும். போலீஸ்காரி மாதிரி நின்னு பண்ணினேன்.

அப்புறமும் ஏன் லேட்டா? அதான் எனக்கும் புரியல. பஸ்ல ஏறி போனைப் பார்த்தா, வீட்டுக் கடிகாரம் இருபது நிமிஷம் பின்னாடி. மூணு நாள் அந்தக் கடிகாரத்தைக் கண்டபடி திட்டினேன். நாலாவது நாள் பார்த்தா, அதுக்குக் கீழ ஸ்டூல். கண்ணாடி மேல பிசுபிசுன்னு குட்டி விரல் தடம். ஏழு வயசு சார். இப்பத்தான் ஸ்கூல்ல மணி பார்க்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

அவகிட்ட கேக்கலையே. என்னன்னு கேக்குறது? காலைல மட்டும் நான் முன்கூட்டியே ஓடலாம்தான். ஓடினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே. அதனால ஓடல.

போன ஞாயித்துக்கிழமை அவரு புது பேட்டரி போட்டு, மணியைச் சரியா வெச்சுட்டாரு, மனுஷன். அன்னிக்கு எட்டரைக்கே எட்டரை ஆச்சு. அவ அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்துட்டு, போய்ப் படுத்துக்கிட்டா.

எங்க கையெழுத்து போடணும்? இங்கயா? காரணம்னு இருக்குற இடத்துல நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க சார். திங்கக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறினது நான்தான்.