புளுகனுக்கு எதிரா ஒரு வக்கீல்

இல்லம்மா, பயப்படாம உக்காருங்க. பெஞ்சு ஆடும், விழாது. உள்ள இருக்கற ஆளு நான் பாக்கற அஞ்சாவது வக்கீல்.

கேஸா? வீட்டு கேஸு. என் கூடப்பொறந்தவன், சின்னவன், கீழ்க்கோர்ட்டுல தோத்துட்டான். வெள்ளிக்கிழமைக்குள்ள அப்பீல் போடலேன்னா பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க, தையல் மெஷினோட தெருவுக்கு வந்துடுவான். அவன் எங்க வக்கீல் தேடறது? சாமான் கட்டிட்டிருக்கான். அதான் நான் அலையறேன்.

நாலு பேரைப் பாத்தாச்சு. மொதல் ஆளு ரூம்ல செவரு முழுக்க சட்டப் புஸ்தகம். ஒண்ணை உருவினேன். உள்ள பல்லி முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, அந்தக் குஞ்சுக்குப் பேரப்பிள்ளையே பொறந்தாச்சு. ரெண்டாவது ஆளு நான் பேசப் பேசத் தூங்கிட்டான்; தூக்கத்துலயும் வாய்தா கேக்கறான். மூணாவது ஆளு தீர்ப்பைப் பூசணிக்காய் மாதிரி கையில தூக்கிப் பாத்துட்டு, நிக்காதுங்கறான். நாலாவது மட்டும் படிச்சான். படிச்சுட்டு, எதிராளி சாட்சி ரொம்ப உருக்கமா இருக்கு சார்னு கண்ணைத் தொடச்சுக்கறான். இதுக்கு ஒரு கறுப்புக் கோட்டு.

உருக்கமாம். அந்த எதிராளி கடைஞ்செடுத்த புளுகன்மா. கூண்டுல ஏறி நின்னு, வீட்டைக் கட்டின பெரியவர் உயிர் போறப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன், வீடு உனக்குத்தான்னு கையைப் புடிச்சாருன்னு விட்டான். வெளிய மழையாம். கடைசியா ஒரு வாய் வெந்நீர் கேட்டாராம். ஜட்ஜு கண்ணாடியைக் கழட்டிட்டாரு.

அன்னிக்கு மழையாவது ஒண்ணாவது, வெயில் மண்டையைப் பொளந்துச்சு. இந்தப் பய நாலு ஊர் தள்ளி லாட்ஜுல சீட்டு ஆடிட்டிருந்தான். மூணு வருஷம் பெரியவருக்குப் பீ மூத்திரம் அள்ளினது சின்னவன்.

ஆதாரமா? இருக்கே. லாட்ஜு நோட்டுல அந்தத் தேதியில கையெழுத்துப் போட்டிருக்கான். காப்பி எடுத்து பையில வெச்சிருக்கேன். இதைக் காட்டியும் நாலு பேரும் கேஸை எடுக்கலை. என் மூஞ்சியைப் பாத்துட்டு சிரிக்கறானுங்க.

ஏன்னா, கையெழுத்து என்னுது. அந்த எதிராளி நான்தான்.

அப்படிப் பாக்காதீங்கம்மா. அறுபது வருஷமா என் பேச்சை எவன் நம்பினான்? முதலையோட மல்லுக்கட்டினேன்னு சொன்னப்ப எங்க வீட்டு நாயே எழுந்து போயிடுச்சு. இந்த ஜட்ஜு நம்பித் தொலைச்சுட்டாரு.

அட, வீட்டுல நீயே இருந்துக்கடான்னு சின்னவன்கிட்ட சொல்லாமலா இருப்பேன்? சொன்னேன். புளுகன் போடற பிச்சை வேணாம், நீ சொன்னது பொய்னு கோர்ட்டு சொல்லட்டும், அதுக்கு ஒரு வக்கீலைப் புடி, கையெழுத்துப் போடறேன்ங்கறான். அந்தப் பெரியவர், எங்க அப்பா, செத்தப்பகூட அவன் என்கிட்ட அப்படிப் பேசினதில்லை.

இதோ, கூப்பிடறாங்க. ஏம்மா, நீங்களும் ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன். இவ்வளவு நேரம் கேட்டீங்கல்ல, என்னைக் காட்டி, இந்த ஆளு வாயைத் தொறந்தா பொய்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறானுங்க.