மலை தாண்ட ஒரு துண்டு

தாம்பரத்தில் ரயில் ஏறியும் ஜன்னல் சீட் கிடைக்காத எரிச்சலில் இருந்தேன். எதிரே இரண்டு பெண்கள். ஜெபமாலை அணிந்தவள் தடித்த மாயாஜால நாவல் ஒன்றைத் தோழியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுல சின்ன அப்பத் துண்டைத் தின்னே மலை தாண்டுறாங்களே, அது எங்க நன்மைடி.”

“சர்ச்சுல நாக்குல வைப்பாங்களே, அதுவா? நான் பிஸ்கட்னுல்ல நெனச்சேன்!”

“எழுதினவரும் கத்தோலிக்கராம், பின்னாடி போட்டிருக்கு. ஆஸ்பத்திரியில அம்மாவுக்குக் கஞ்சிகூட இறங்கல. ஃபாதர் நன்மையைத் துளியூண்டு கிள்ளி, ஒரு ஸ்பூன் தண்ணியோட குடுத்தார். அது இறங்குச்சு. அப்ப பக்கத்துல உக்காந்து இதைத்தான் படிச்சிட்டிருந்தேன். ரொம்ப தேங்க்ஸ்டி.”

“இப்ப அம்மா எப்படி இருக்காங்க?”

அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தோழியின் மடியில் வைத்தாள்.

“மீன் குழம்பு. அவங்களே வச்சாங்க. புக் குடுத்த பொண்ணுக்காம்.”