படித்துறைக்கு வந்த பள்ளம்

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்குச் சளி. ஆற்றில் இறங்கியதால் வந்ததல்ல. நான் இறங்கவே இல்லை.

பரிதியும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். தண்ணீர் வரும்போது அரசலாற்றின் படுகை எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு படித்துறை. அதற்குச் சற்று மேலே, தண்ணீர் வரும் பக்கத்தில், மணல் அள்ளியவர்கள் விட்டுப்போன பெரிய பள்ளம். புதுத்தண்ணீர் வந்தால் அது தூர்ந்துவிடும் என்றார் பரிதி. தூராது, நகர்ந்து நகர்ந்து படித்துறைக்கே வந்துவிடும் என்றேன் நான். ஆற்றுப் பள்ளங்கள் அப்படி நகர்வதுண்டு.

தஞ்சாவூர்க் கருத்தரங்கில் இதைச் சொன்னபோது பரிதி எழுந்தார். "அறிவுமதி, உங்க பள்ளத்துக்கு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்துட்டீங்களா?" சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன்பிறகு கேன்டீனில் என்னைப் பார்த்தாலே, "பள்ளம் இப்ப எந்த ஸ்டாப்ல நிக்குது?" என்பார்கள்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து ஆறு கொஞ்சம் அடங்கியதும் நான்தான் முதலில் போனேன். படித்துறையில் நின்று, குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்தேன். கயிறு போய்க்கொண்டே இருந்தது. குளிக்க வந்த பெண்களிடம், "இங்க ஆழமா இருக்கும்மா, அடுத்த துறைக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு குச்சியில் சிவப்புத் துணிகூடக் கட்டினேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல, மேடம்.

பரிதியின் கார் வரும் சத்தம் கேட்டதும் துணியை அவிழ்த்துப் பைக்குள் வைத்தேன்.

"என்ன அறிவுமதி, வந்துடுச்சா உங்க பள்ளம்?"

"இல்ல சார். நீங்க சொன்னதுதான் சரி. முழங்கால் தண்ணிதான். நீங்களே எறங்கிப் பாருங்க."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பேண்ட்டை மடித்துவிட்டு, அளவுகோலை ஊன்றிக்கொண்டு இறங்கினார். கலங்கல் தண்ணீரில் எல்லா ஆழமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். கடைசிப் படியைத் தாண்டியதும் காணாமல் போனார். நான் எதிர்பார்த்த அதே இடம்.

கயிறு என் கையில்தான் இருந்தது. வீசியிருக்கலாம். ஆனால் அது அளக்கிற கயிறு. ஆளைத் தூக்குகிற கயிறல்ல.

வாதம் முடிந்தபின் யார்மீதும் கோபம் வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்கில்லை. தண்ணீருக்கு மேலே அவருடைய ஒரு கை மட்டும் உயர்ந்தது. தோல்வியை ஒத்துக்கொள்கிறார் என்று புரிந்துகொண்டேன். மரியாதைக்கு நானும் கையை உயர்த்தினேன்.